அப்படி என்னத்தத் தின்ன?

குடல் அழற்சி நோய் வந்த ஒருத்தரிடம் எங்கள் காரைக்காலில் முதலில் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: "அப்படி என்னத்தத் தின்ன?" வலிக்கிறதா, ரத்தம் போகிறதா, எத்தனை நாளாக என்பதெல்லாம் பிறகுதான் வரும். பல நேரம் வராமலே போகும். கேட்பவர் அத்தையாக இருக்கலாம், மருந்துக் கடை அண்ணனாக இருக்கலாம், ஸ்டெதஸ்கோப் மாட்டியவராகவும் இருக்கலாம். நாம் வாயைத் திறப்பதற்குள் அவர்களே பதிலையும் சொல்லிவிடுவார்கள். பரோட்டா. பிராய்லர் கோழி. ஹோட்டல் சாப்பாடு. ராத்திரியெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டு கண் விழித்தது. டென்ஷன். உடம்புச் சூடு. கடைசியாக எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டுகிற மாதிரி ஒரு சொல்: "எல்லாம் லைஃப்ஸ்டைல்தாம்மா."

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கும் அந்தச் சொல்லுக்கும் எதிரானது.

எனக்கு இருப்பது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். நான்கு வருஷமாக மாத்திரையில் ஓடுகிறது. அதனால் இதில் நடுநிலை பாவனை எதுவும் எனக்கு இல்லை. ஆனால் நான் சொல்லப்போவது என் அனுபவத்தின் பலத்தில் நிற்பதல்ல. இந்த நோய்க்கான ஆபத்துக் காரணிகள் என்று மருத்துவம் இதுவரை திரட்டி வைத்திருப்பதை ஒழுங்காகப் படித்தால், நம் ஊரின் அந்தக் கேள்வி அறியாமையால் கேட்கப்படுவது மட்டுமல்ல, ஆளைக் கெடுப்பதும்கூட என்பது யாருக்கும் புரியும்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். ஐபிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் குடல் அழற்சி நோயில் முக்கியமாக இரண்டு வகை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலின் உள்சுவரைப் புண்ணாக்கும். ஆசனவாயை ஒட்டிய பகுதியில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும். கிரோன்ஸ் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரும். குடல் சுவரின் முழுத் தடிமனையும் தாக்கும். முதலாவதை 1859இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் விவரித்தார். இரண்டாவதை 1932இல் நியூயார்க்கில் பரில் கிரோனும் அவருடைய இரு சகாக்களும் எழுதினார்கள். இரண்டிலும் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: உடம்பின் எதிர்ப்பு அமைப்பு குடலோடும் அங்கே குடியிருக்கும் கிருமிகளோடும் சண்டைக்கு இறங்குகிறது, சண்டையை நிறுத்தத் தெரியாமல் நிற்கிறது. அடக்கி வைக்கலாம், வருஷக்கணக்கில் அமைதியாக வைத்திருக்கலாம். முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஐபிஎஸ் என்று சொல்கிறார்களே, அது வேறு. அதில் குடல் புண்ணாவதில்லை. இரண்டையும் ஒன்றாகப் பேசுவது நம் யூடியூப் வைத்தியர்களின் அன்றாட வழக்கம்.

இனி விஷயத்துக்கு வருவோம். தமிழில் 'காரணி' என்றும் 'காரணம்' என்றும் இரண்டு சொல் இருக்கிறது. முடிவெழுத்துதான் வேறு. அர்த்தமோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆயிரம் பேரைக் கொண்ட இரண்டு கூட்டங்களை எடுத்துக்கொண்டால், ஒரு கூட்டத்தில் நோய் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது. அந்தக் கூட்டத்துக்குப் பொதுவாக இருக்கிற ஏதோ ஒன்று ஆபத்துக் காரணி. அவ்வளவுதான். அந்தக் கூட்டத்தில் இருக்கும் பெரும்பாலானோருக்கு நோய் வராது. அடுத்த கூட்டத்திலும் சிலருக்கு வரும். கூட்டத்தைப் பற்றிச் சொல்லும் ஒரு கணக்கை எடுத்து, எதிரே உட்கார்ந்திருக்கும் தனி ஆளின் முகத்தில் எறிந்தால் காரணி காரணமாகிவிடுகிறது. அடுத்த நொடி காரணம் குற்றமாகிவிடுகிறது. "என்னத்தத் தின்ன" என்பது விசாரணைக் கூண்டில் நிறுத்திக் கேட்கிற கேள்வி.

காரணி என்பது ஒழுக்கச் சான்றிதழ் அல்ல என்பதற்கு இந்த நோயே ஒரு நல்ல உதாரணம் வைத்திருக்கிறது. சிகரெட் பிடிப்பவர்களுக்குக் கிரோன்ஸ் வரும் ஆபத்து கூடுதல். வந்தபின் நோய் கடுமையாவதும் கூடுதல். ஆனால் அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் கதை தலைகீழ். அந்த நோயாளிகளில் புகைப்பவர்கள் குறைவாக இருக்கிறார்கள் என்பதை 1982இலேயே பிரிட்டிஷ் மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். அதன்பின் பல நாடுகளில் அதே முடிவு வந்தது. இன்னும் வேடிக்கை, சிகரெட்டை விட்டவர்களுக்கு, விட்ட அடுத்த சில வருஷங்களில், இந்த நோய் வரும் ஆபத்து கூடுகிறது. இப்போது நம் ஊர் நீதிபதிகளைக் கேட்கிறேன்: சிகரெட்டை விட்ட பிறகு கொலைட்டிஸ் வந்த ஒரு மாமாவிடம் என்ன சொல்வீர்கள்? "ஏன் மாமா விட்டீங்க?" என்றா? எந்த மருத்துவரும் நோயைத் தடுக்கச் சிகரெட் பிடியுங்கள் என்று எழுதித் தருவதில்லை, தரவும் கூடாது. நுரையீரலும் இதயமும் அதற்கு விலை கொடுக்கும். அதேபோல, சின்ன வயதில் குடல்வால் அழற்சிக்காக அறுவை செய்துகொண்டவர்களுக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் குறைவாக வருகிறது என்று ஸ்வீடனில் கண்டார்கள். குடல்வாலை வைத்திருப்பது யாருடைய லைஃப்ஸ்டைல்?

பழியைப் போடும் இந்த வழக்கம் நம் ஊர்க்காரர்களின் கண்டுபிடிப்பு மட்டுமல்ல. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் படித்த மேல்நாட்டு மருத்துவமே இதைச் செய்தது. மனோதத்துவ மருத்துவர் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர் மனசிலிருந்து கிளம்பும் ஏழு நோய்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தார். ஆஸ்துமா அதில் உண்டு, ரத்த அழுத்தம் உண்டு, வயிற்றுப் புண் உண்டு, அல்சரேட்டிவ் கொலைட்டிஸும் உண்டு. நோயாளி உள்ளுக்குள் குமுறுகிறவர், தாயைச் சார்ந்தே வளர்ந்தவர் என்றெல்லாம் எழுதினார்கள். குடலில் ரத்தம் ஒழுகுகிற ஆளிடம் அம்மாவைப் பற்றி விசாரித்தார்கள்.

அந்தப் பட்டியலில் இருந்த வயிற்றுப் புண்ணுக்கு என்ன ஆனது என்று தெரியுமல்லவா? டென்ஷன், காரம், நேரத்துக்குச் சாப்பிடாதது என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைக் காட்டினார்கள். நம்பாதவர்களுக்காக மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. வயிற்றுப் புண்களில் பெரும்பகுதிக்கு அந்தக் கிருமியோ வலி மாத்திரைகளோ காரணம் என்பது இன்று பாடப்புத்தகச் செய்தி. ஆனாலும் எங்கள் தெருவில் இன்றைக்கும் "நேரத்துக்குச் சாப்புடாம அல்சர் வந்துடுச்சு" என்றுதான் பேசுகிறார்கள். அறிவியல் மாறினாலும் பழி சொல்வதில் இருக்கிற சுகம் மாறுவதில்லை.

சரி, காரணிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரே கேள்வியை வைக்கிறேன்: இதை யார் தீர்மானித்தது?

முதலாவது, பிறப்பு. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது. 2001இல் கிரோன்ஸோடு தொடர்புடைய நாட்2 என்ற மரபணு அடையாளம் காணப்பட்டது. இன்று தொடர்புடைய இடங்கள் மரபணுவில் இருநூற்றுக்கும் மேல் என்கிறார்கள். ஆனால் ஐரோப்பியரிடம் பேசப்பட்ட நாட்2 மாற்றங்கள் இந்திய நோயாளிகளிடம் அரிதாகவே தென்பட்டன. அதோடு, ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் வந்தாலும் பெரும்பாலும் மற்றவருக்கு வருவதில்லை. ஆக, பிறப்பு கொஞ்சம் சொல்கிறது, முழுதாகச் சொல்வதில்லை. மீதி சூழலில் இருக்கிறது.

சூழல் என்றதும் "பாத்தீங்களா, நாங்க சொன்னதுதானே" என்று குதிக்க வேண்டாம். சூழல் வேறு, நடத்தை வேறு. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் குடியேறிய இந்தியர்களைப் பற்றி 1992இல் ஓர் ஆய்வு வந்தது: அங்கிருந்த ஐரோப்பியரைவிட இந்திய வம்சாவளியினரிடம் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் அதிகம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், தெற்காசியாவிலிருந்து குடியேறியவர்களுக்கு அங்கே பிறந்த பிள்ளைகளின் ஆபத்து, உள்ளூர்க்காரப் பிள்ளைகளின் ஆபத்துக்கு ஈடாகிவிட்டது என்று 2015இல் கண்டார்கள். எங்கள் ஊருக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில், பாரிஸ் புறநகரில் சொந்தம் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு வயிற்றில் ரத்தம் போனால் அது எதைத் தின்றதால்? அப்பா பிழைக்கப் போன ஊரில் பிறந்ததால். அதற்கும் அந்தப் பிள்ளைதான் பொறுப்பா?

"ஆமா, நகரத்து நோய்தானே அது, பீட்சா தின்கிற பிள்ளைகளுக்கு வர்றது" என்பது அடுத்த வாதம். ஹைதராபாத்தில் உள்ள ஆசியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் கேஸ்ட்ரோஎன்டராலஜி மருத்துவர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு இந்த வாதத்தின் காலை வாரிவிட்டது. கிராமங்களுக்கே கருவியைக் கொண்டுபோய், குடல் தொந்தரவு இருந்த 30,000க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்தார்கள். கிராமத்தாரிடமும் நகரத்தாரிடமும் இந்த நோய் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருந்தது. இது தொந்தரவு உள்ளவர்களை மட்டும் பார்த்த ஆய்வு, ஊர் மொத்தக் கணக்கு அல்ல. அந்த எல்லையோடுதான் சொல்கிறேன். ஆனாலும் கருவி போகாததால் நோய் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த இடங்களில், கருவி போனதும் நோய் தெரிந்தது. பஞ்சாபின் லூதியானா மருத்துவர்கள் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கிலும், 2003இலேயே, ஒரு லட்சம் பேருக்கு 44 பேர் என்ற அளவில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருந்தது. "நம்ம ஊர்ல ஏது இதெல்லாம்" என்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இப்போது ஆன்டிபயாடிக்குக்கு வருகிறேன். இதுதான் காரைக்காலோடு நேரடியாகப் பேசுகிற காரணி. டென்மார்க்கில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவேடுகளைப் பார்த்து 2023இல் ஓர் ஆய்வு வந்தது. ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டவர்களுக்குப் பின்னாளில் குடல் அழற்சி நோய் வருவது அதிகமாக இருந்தது. ஒவ்வொரு கோர்ஸ் கூடும்போதும் ஆபத்தும் கூடியது. அதிலும் உச்சத்தில் இருந்தவை மெட்ரானிடசோல் சேர்ந்த குடும்பமும், நார்ஃப்ளாக்ஸசின், சிப்ரோஃப்ளாக்ஸசின் சேர்ந்த குடும்பமும். படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. வாந்தி பேதி என்று மருந்துக் கடை வாசலில் நின்றால் நம் கையில் என்ன வந்து விழும்? இந்த இரண்டு குடும்பமும்தான், பல நேரம் ஒரே பட்டையில் ஜோடியாக. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் சீட்டு வாங்க ஒருநாள் கூலியை விட வேண்டியிருக்கிறது. கடைக்காரர் "மூணு வேளை போடும்மா, நின்னுடும்" என்கிறார். நின்றுவிடும். அடுத்த மழைக்கு மறுபடி வரும்.

ஏன் மறுபடி வருகிறது? இந்தக் கேள்வியைத்தான் ஊர் கேட்டிருக்க வேண்டும். 2022 ஜூலை தொடக்கத்தில் காரைக்காலில் பொது சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். சிலருக்குக் காலரா உறுதியானது. பள்ளி கல்லூரிகளுக்கு மூன்று நாள் விடுமுறை. குடிதண்ணீரில் கழிவுநீர் கலந்துவிட்டது என்றுதான் தெருவெங்கும் பேச்சு. காவிரியின் கடைமடை ஊர் இது. ஆறு கடைசியாக வந்து சேரும், திட்டமும் அப்படித்தான். நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். தலைநகரமான புதுச்சேரியோ நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே.

இங்கே சங்கிலியைப் பாருங்கள். குழாயில் ஓட்டை, தண்ணீரில் கழிவு, பிள்ளைக்குப் பேதி, பேதிக்கு ஆன்டிபயாடிக், வருஷத்துக்கு இரண்டு முறை, பத்து வருஷம். சால்மோனெல்லா, காம்பைலோபாக்டர் தொற்று வந்தவர்களிடம் பின்னாளில் குடல் அழற்சி நோய் கூடுதலாகக் கண்டறியப்படுவதை டென்மார்க்கிலேயே வேறொரு ஆய்வு 2009இல் காட்டியது. தொற்று வந்தவர்களை அதிகம் பரிசோதிப்பதால்தான் அப்படித் தெரிகிறது என்று மறுத்தவர்களும் உண்டு. அந்த விவாதம் தீரவில்லை. டென்மார்க் கணக்கை அப்படியே காரைக்காலுக்கு ஒட்டவும் முடியாது. ஆனால் ஒன்று மட்டும் உறுதி. ஒரு பெண் இருபத்து நான்கு வயதில் கொலைட்டிஸோடு வந்து நிற்கும்போது, அவள் குடித்த தண்ணீரையும் அவளுக்குக் கொடுக்கப்பட்ட மாத்திரைப் பட்டைகளையும் விட்டுவிட்டு, அவள் போன மாசம் தின்ற பரோட்டாவை மட்டும் விசாரிப்பதில் ஒரு வசதி இருக்கிறது. பரோட்டாவுக்கு அவள் பொறுப்பு. குழாய்க்கு வேறு யாரோ பொறுப்பு.

இந்த இடத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொருவர் வருவார். கொஞ்சம் படித்தவர். "சுத்தம் அதிகமானதால்தான் இந்த நோயெல்லாம். அந்தக் காலத்துல மண்ணுல புரண்டோம், குளத்துல குடிச்சோம், ஒண்ணும் வரல" என்பார். இந்தப் பேச்சுக்கு விதையாக ஒரு கருதுகோள் உண்மையிலேயே இருக்கிறது. 1989இல் டேவிட் ஸ்ட்ராகன், பெரிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவகை ஒவ்வாமை குறைவாக வருவதைப் பார்த்து, சின்ன வயதுத் தொற்றுகள் காப்பதாக இருக்கலாம் என்று எழுதினார். குடல் நோய்க்கும் அதைப் பொருத்திப் பார்க்கிறார்கள். ஆனால் "ஒண்ணும் வரல" என்று சொல்பவர் உயிரோடு இருப்பவர் என்பதை நினைவில் வையுங்கள். அவரோடு மண்ணில் புரண்டு, காலராவிலும் சீதபேதியிலும் ஐந்து வயதுக்குள் போன அவருடைய தம்பி தங்கைகள் கட்டுரை எழுத வரவில்லை. காரைக்கால் இன்னும் வினோதம்: பழைய பேதியும் போகவில்லை, புதிய அழற்சியும் வந்துவிட்டது. இரண்டு நூற்றாண்டின் நோயும் ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் கிடக்கிறது.

பழைய சோற்றையும் பேசித்தான் ஆக வேண்டும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பழைய சோற்றை வைத்து, குடல் அழற்சி நோயாளிகளையும் சேர்த்து, அரசு நிதியோடு ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். நல்ல காரியம். புளித்த சோற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் குடலுக்கு என்ன செய்கின்றன என்று நாம்தான் ஆராய வேண்டும், ஹார்வர்டுக்காரர் வந்து ஆராய மாட்டார். ஆனால் ஆய்வு தொடங்கிய செய்தி வாட்ஸ்அப்பில் இறங்கியபோது என்னவாக இறங்கியது? "குடல் நோய்க்குப் பழைய சோறே மருந்து, ஆங்கில மருந்து தேவையில்லை." எனக்கே பதினேழு பேர் அனுப்பினார்கள். அதில் மறைந்திருக்கும் வாக்கியம் இதுதான்: நீ பழைய சோறு தின்றிருந்தால் உனக்கு வந்திருக்காது. பரோட்டாவும் பழைய சோறும் ஒரே வாதத்தின் இரண்டு முனை. ஒன்று பாவம், இன்னொன்று பரிகாரம். நான் பழைய சோறு தின்று வளர்ந்தவள்தான், சின்ன வெங்காயத்தோடு. என் குடல் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"அப்ப என்ன வேணா தின்னலாம்னு சொல்றியா?" இல்லை. உணவுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்தியா உட்பட 21 நாடுகளில் 1,16,000க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த பியூர் ஆய்வு 2021இல் வெளியானது. ஆலையில் அளவுக்கு மீறிப் பக்குவப்படுத்தப்பட்ட உணவை ஒருநாளைக்கு ஐந்து தடவையோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டவர்களுக்கு, ஒரு தடவைக்கும் குறைவாக எடுத்தவர்களை ஒப்பிட, ஆபத்து 1.82 மடங்கு. ஆனால் கவனியுங்கள், அந்தப் பட்டியலில் இருப்பவை பாக்கெட் தின்பண்டம், குளிர்பானம், பதப்படுத்திய இறைச்சி போன்றவை. தெருமுனைக் கடையில் கண்ணெதிரே வீசி அடித்துச் சுடுகிற பரோட்டா அதே வகையில் வராது. பாக்கெட்டில் வரும் குழம்பாக்கிகள் மீதும் சந்தேகம் இருக்கிறது. கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், பாலிசார்பேட் 80 என்ற இரண்டும் எலிகளின் குடலில் சளிப்படலத்தைக் கெடுத்து அழற்சியைக் கிளப்பியதாக 2015இல் நேச்சர் இதழில் வந்தது. நம் பாக்கெட்டுகளில் அவை 466 என்றும் 433 என்றும் எண்களாக, கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் ஒளிந்திருக்கின்றன.

இதிலும் அதே கேள்விதான்: யார் தீர்மானித்தது? பாக்கெட்டின் முன்பக்கத்தில் தெளிவான எச்சரிக்கை போடு என்று வருஷக்கணக்காகக் கேட்கப்படுகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 செப்டம்பரில் ஒரு வரைவை வெளியிட்டது. எச்சரிக்கைக்குப் பதிலாக அதில் இருந்தது நட்சத்திர மதிப்பெண். சினிமா விமர்சனம் மாதிரி. வரைவு வரைவாகவே வருஷங்களைத் தின்றது. நிலைமை இப்படி இருக்க, ஐந்து ரூபாய் பாக்கெட்டை வாங்கிக் கொடுத்துப் பிள்ளையை பால்வாடியில் விட்டுவிட்டு இறால் உரிக்கப் போகிற ஒரு அம்மாவிடம் "உங்க லைஃப்ஸ்டைல மாத்துங்க" என்று சொல்வது எவ்வளவு மலிவான அறிவுரை! அவருக்கு லைஃப் இருக்கிறது. ஸ்டைலுக்கு நேரம் இல்லை.

பழி போடும் கேள்வியால் என்ன நஷ்டம், பேசிவிட்டுப் போகட்டுமே என்று நினைக்கலாம். நஷ்டம் நாள்கணக்கில் விழுகிறது. மலத்தில் ரத்தம் என்றால் நம் ஊரில் அதற்கு ஒரே பெயர், மூலம். பேருந்து நிலையச் சுவர் தொடங்கிப் பொதுக்கழிப்பிடக் கதவு வரை "மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இன்றி" என்று ஒட்டியிருக்கிறார்கள். சூட்டினால் வருகிறது, கோழி தின்றதால் வருகிறது என்று நோயாளியே நம்பிவிட்ட பிறகு கொலோனோஸ்கோபி எதற்கு? கோழியை நிறுத்தினால் போதுமே. எனக்குப் பதினான்கு மாசம் அப்படிப் போனது. வெந்தயம், சப்ஜா விதை, லேகியம், ஒரு களிம்பு. எடை ஐம்பத்து மூன்றிலிருந்து முப்பத்து ஒன்பது. கிரோன்ஸ்காரர்கள் கதை இன்னும் சிக்கல். குடல் காசநோயும் கிரோன்ஸும் பார்க்க ஒன்றுபோல இருக்கும்; காசநோய் மலிந்த நாட்டில் மருத்துவர்கள் அதற்கு மருந்து கொடுத்துப் பார்ப்பதில் நியாயம்கூட இருக்கிறது. அந்தத் தவிர்க்க முடியாத தாமதத்தின் தலையில் நம் தவிர்க்கக்கூடிய தாமதத்தையும் ஏற்றுகிறோம். கவனிக்காமல் வருஷக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும் பெருங்குடல் அழற்சி, புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுகிறது.

நோய் தெரிந்த பிறகும் கேள்வி விடுவதில்லை. "சாப்பாட்டுல சரி பண்ண வேண்டியத எதுக்கு மாத்திரையில சரி பண்ற?" இதைக் கேட்டு ஸ்டீராய்டைப் பாதியில் நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மருத்துவர் சொல்லும் படிகளில் இறங்கித்தான் நிறுத்த வேண்டும். பெண் என்றால் இன்னொரு சுற்று. வெளியே சொல்லாதே, பொண்ணு பார்க்க வர்றவங்களுக்குத் தெரிஞ்சிடும். கல்யாண வீட்டில் நாலு தடவை எழுந்து போனால் கண்கள் பின்னாலேயே வரும். காரைக்காலிலிருந்து பேருந்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளுக்கு முந்தின மத்தியானத்திலிருந்தே பட்டினி கிடப்பேன், வழியில் கழிப்பறைக்காக வண்டியை நிறுத்தச் சொல்லும் தைரியம் இல்லாமல். நோய்க்குக் கொடுக்கிற விலையோடு வெட்கத்துக்கும் கொடுக்கிறோம். அந்த வெட்கம் உடம்பு தந்ததல்ல, கேள்வி தந்தது.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் திருநள்ளாறு. சனிப்பெயர்ச்சி என்றால் லட்சக்கணக்கில் வந்து நளன் தீர்த்தத்தில் முங்கிப் போகிறார்கள். எனக்கும் முங்கச் சொன்னார்கள், முங்கினேன். பகுத்தறிவு பேசும் நண்பர்கள் இதைக் கேலி செய்வார்கள். ஆனால் லைஃப்ஸ்டைல்காரர்களைவிடச் சனி பகவான் எனக்கு நியாயமானவராகத் தெரிகிறார். ஏழரை வருஷம் என்று ஒரு கணக்காவது வைத்திருக்கிறார். நளனைப் பிடித்ததற்கு நளனே முழுப் பொறுப்பு என்று கதையில் யாரும் சொல்வதில்லை. கால் கழுவியதில் ஒரு சின்ன இடம் நனையாமல் விட்டுப்போனது என்கிறார்கள், அந்த அளவுக்குத்தான் பழி. ஊழ்வினை என்று நம் பாட்டிமார் சொன்னதில் பொதுவாக ஓர் அனுதாபமும் ஒட்டிக்கொண்டிருந்தது: "ஒன் தலையெழுத்து, நீ என்னடி பண்ணுவ?" லைஃப்ஸ்டைல் என்கிற புதிய வினைக்கோட்பாடு அந்த அனுதாபத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, தண்டனையை அப்படியே வைத்துக்கொண்டது.

இந்தப் புதிய வினைக்கோட்பாடு யாருக்கு லாபம் என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். நோய் உன் வாயால் வந்தது என்றால், குழாயை மாற்ற வேண்டியதில்லை. சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. பாக்கெட்டின் முன்பக்கத்தில் எதுவும் அச்சடிக்க வேண்டியதில்லை. ஹைதராபாத்துக்காரர்கள் செய்த மாதிரி கிராமத்துக்குக் கருவியைக் கொண்டுபோக வேண்டியதில்லை. எல்லோரும் கையைக் கழுவிக்கொள்ளலாம், நோயாளியைத் தவிர. அவள் எழுந்து எழுந்து கழிப்பறைக்குப் போய்க்கொண்டிருப்பாள்.

ஆபத்துக் காரணிகளைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நன்றாகப் படியுங்கள். அவை நகராட்சிக்கும் சுகாதாரத் துறைக்கும் உணவு ஆணையத்துக்கும் எழுதப்பட்ட கடிதங்கள். முகவரி மாற்றி நோயாளி வீட்டில் கொண்டுவந்து போடாதீர்கள். கிரோன்ஸ் உள்ளவர் சிகரெட்டை விட வேண்டும் என்பது போல, தனி ஆளால் ஆகக்கூடியவையும் சில இருக்கின்றன. அதை அவருடைய மருத்துவர், அவருடைய குடலைப் பார்த்தபின், அவரிடம் சொல்லட்டும். பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்ல வேண்டாம்.

உங்களுக்குத் தெரிந்த ஒருத்தர் வயிறு சரியில்லை என்று சொன்னால், தயவுசெய்து என்ன தின்றாய் என்று தொடங்காதீர்கள். எத்தனை வாரமாக என்று கேளுங்கள். ரத்தம் போகிறதா, ராத்திரி தூக்கத்தில் எழுந்து போகிறாயா, எடை குறைந்ததா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் மூலக்காரரிடமும் யூடியூபிடமும் போக விடாமல், குடல்நோய் மருத்துவரிடம் அனுப்புங்கள். மலத்தில் கால்ப்ரோடெக்டின் என்று ஒரு பரிசோதனை இருக்கிறது; குடலில் அழற்சி உண்டா என்பதை அது முதலில் சொல்லிவிடும். கொலோனோஸ்கோபிக்குப் பயந்தால் கூடப் போங்கள். பேருந்தில் ஜன்னலோரம் விட்டு, கதவுக்குப் பக்கத்து சீட்டைப் பிடித்துக் கொடுங்கள். வண்டியை நிறுத்த வேண்டி வந்தால் நீங்கள் எழுந்து கண்டக்டரிடம் சொல்லுங்கள். எங்களுக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.